புத்தகத்தைப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள்

குழந்தைகளும் கூட வரும் பெரியவர்களும் சேர்ந்து வாசிக்கும் குடும்ப வாசிப்பு நிகழ்ச்சியைத் தன்னார்வலராக நடத்தித் தருகிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் முதலில் சொல்வது, "எனக்குக் குரல் மாற்றிக் கதை சொல்ல வராதே" என்பதுதான். வரவேண்டிய அவசியமே இல்லை. உண்மையைச் சொன்னால், பிரமாதமாகக் கதை சொல்கிறவர்கள் வந்தால்தான் எனக்குக் கவலை. சிங்கமாக உறுமி, குருவியாகக் கீச்சிட்டு அரை மணி நேரம் குழந்தைகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். கூட வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் நமக்கு வராதுப்பா, வாரம் ஒருமுறை இங்கே கூட்டிக்கொண்டு வந்தால் போதும் என்று முடிவுகட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் குழந்தைக்கு ஒரு நல்ல அரை மணி நேரம் கிடைக்கும், வீட்டில் எதுவும் மாறாது. நாம் அங்கே நிற்பது பெரியவர்களுக்காக. அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா, சித்தி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவர், யாராக இருந்தாலும் அவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

எப்படி வாசிக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்டது. ஒன்றேமுக்கால் வயது முதல் மூன்று வயதுக்குள் இருந்த குழந்தைகளின் பெற்றோர் இரண்டு பிரிவாகப் பிரிந்து வீட்டில் வாசித்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் வாசிக்கும் முறையில் கொஞ்சம் பயிற்சி. நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும், "ஆமாம், இல்லை" என்று முடிந்துவிடாத கேள்வியாக இருக்க வேண்டும், குழந்தை சொன்ன பதிலை இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சுத் திறன் சோதனைகளில் மற்றவர்களைவிட மாதக்கணக்கில் முன்னே போயிருந்தார்கள். இரண்டு பிரிவிலும் வாசிப்பு நடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதைப் பெற்றோரிடம் பாடமாக நடத்தினால் எடுபடாது. நான் ஒரு படத்தைக் காட்டி "இங்கே என்ன நடக்குது?" என்று ஒரு குழந்தையிடம் கேட்பேன், அது "நாய்" என்று சொல்லும், "ஆமா, பெரிய கறுப்பு நாய், மழையில் நனைஞ்சு நிக்குது" என்பேன். இரண்டு பக்கம் இப்படிப் போகும். அப்புறம் புத்தகங்களைக் கொடுத்து, ஒவ்வொரு குடும்பமும் ஒரு மூலையைப் பிடித்து உட்காரச் சொல்லிவிடுவேன். நிகழ்ச்சியின் பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். அறை சந்தைபோல இரைச்சலாகும், ஒருத்தர் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பார், ஒரு குழந்தை புத்தகத்தைக் கடிக்கும், இன்னொன்று எழுந்து ஓடும். ஓடட்டும். ஓடிக்கொண்டே கேட்கிற குழந்தைகள் உண்டு. இந்த நேரத்தில் தன்னார்வலர் புத்தகத்தைப் பிடுங்கி "இப்படிப் பண்ணுங்க" என்று காட்டக் கூடாது, எவ்வளவு கை பரபரத்தாலும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் பெரியவர் நன்றாகச் செய்த ஒன்றைப் பார்த்துச் சொன்னால் போதும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் வருவார்கள், அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்பார்கள், இல்லாவிட்டால் குழந்தையைச் சாக்காக வைத்து எழுந்து போவார்கள். அதனால் எல்லாரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லி வரிசையாகக் கேட்கவே கேட்காதீர்கள். வார்த்தையே இல்லாத படப் புத்தகங்களை எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள், அதை எல்லாருக்கும் சேர்த்தே கொடுங்கள், ஒருவருக்கு மட்டும் என்று தனித்துக் கொடுக்க வேண்டாம். படத்தைப் பார்த்துப் பேசுவதும் முழு வாசிப்புதான், மேலே சொன்ன கேள்வி பதில் எல்லாம் அதிலும் அப்படியே நடக்கும். மொழியும் அப்படித்தான். பள்ளிக்கூட மொழியில்தான் வாசிக்க வேண்டுமா என்று தயங்கிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். தடுமாறி வாசிக்கும் மொழியில் குழந்தையின் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வராது.

கைக்குழந்தைக்கு என்ன புரியும் என்பது எல்லா இடத்திலும் வரும் கேள்வி. 1986-இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்மார்களைத் தினமும் ஒரே கதைப்பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். பிறந்த சில நாளில் அந்தக் குழந்தைகள் புதுக் கதையைவிட அந்தப் பழகிய பகுதியைக் கேட்கவே விரும்பின. கதை புரிந்ததால் இல்லை, அதன் ஓசை பழகியிருந்ததால். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இலேயே, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லும்படி தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. இதைச் சொன்னதும் கைக்குழந்தையோடு வந்தவர்களின் முகம் மாறும். இரண்டு நிமிடம் வாசித்தால் போதும், ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாலும் நல்லதே என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஏற்பாட்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் நிகழ்ச்சி முடியும்வரை கூடவே இருக்க வேண்டும், குழந்தையை விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். உங்களிடம் பின்னணிச் சரிபார்ப்பு, அதாவது உங்கள்மேல் குற்ற வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பது, கேட்டால் சங்கடப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள், அது குழந்தைகளின் பாதுகாப்புக்கு. வேலைக்குப் போகிறவர்களும் வர வேண்டுமென்றால் மாலையோ விடுமுறை நாளோதான் சரிப்படும். பகலிலேயே வைத்துவிட்டு அப்பாக்கள் வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை. வீட்டுக்கு எடுத்துப்போகப் புத்தகம் கொடுங்கள், கிழிந்து திரும்பி வந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

தொடர்ந்து எத்தனை வாரம் வர முடியும் என்பதை முன்பே யோசித்துவிட்டுப் பெயர் கொடுங்கள். எட்டு வாரம்தான் முடியுமென்றால் எட்டு வாரம் என்றே சொல்லுங்கள். தயங்கித் தயங்கி வரும் ஒரு தாத்தாவுக்கு உங்கள் முகம் பழகவே மூன்று நான்கு வாரமாகும், அதற்குள் ஆள் மாறினால் அவர் வருவது நின்றுபோகலாம்.