எந்த வேகத்தில் இழுத்தீர்கள்?

எங்கள் சோதனைக்கூடத்தில் ஓர் எஃகுத் தகட்டின் சாம்பிளை இழுத்துப் பார்த்தபோது வந்த 246 என்ற எண்ணை நான் மறைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஈ250 என்ற கட்டுமான எஃகு ரகத் தகடு, 16 மி.மீ. கனம். ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தரநிர்ணயப்படி, 20 மி.மீ.க்கு உட்பட்ட கனத்துக்கு யீல்டு தகைவு, அதாவது தகடு மீளாதபடி நீளத் தொடங்கும் தகைவு (பரப்பின் மீதான விசை), குறைந்தது 250 மெகாபாஸ்கல், சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன், இருந்தாக வேண்டும். நான்கு குறைந்தது. இழுவை வலிமையும் நீட்சியும் தாராளமாகத் தேறியிருந்தன. இது ஒன்றுதான் இடித்தது.

சாம்பிளின் அகலம் 20 மி.மீ., ஆகவே குறுக்குப் பரப்பு 320 சதுர மி.மீ.; 80 கிலோநியூட்டன் வரை தாங்கினால் 250 கிடைத்துவிடும். 78.7இலேயே டயலின் முள் தயங்கி நின்றது. தகட்டின் மேலிருந்த கருத்த ஸ்கேல், சூடாக உருட்டும்போது படியும் ஆக்சைடு ஏடு, பொருக்குப் பொருக்காகத் தெறித்துக் கீழ்ப்பிடியின் மேல் உதிர்ந்தது. பழைய ஆட்கள் முள்ளைப் பார்க்காமல் இந்த உதிர்வை வைத்தே யீல்டு வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கணம் வரை, 100 மி.மீ. அளவு நீளத்தில் தகடு நீண்டிருந்தது ஏறக்குறைய 0.12 மி.மீ. மட்டுமே. அதுவரை விசையை எடுத்துவிட்டால் திரிபும் போய்விடும், தகடு பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அதற்குப் பிறகு நீண்டதில் பெரும்பகுதி நீண்டதுதான்.

அந்த இயந்திரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த டெக்னீஷியன் பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த வேகத்துல இழுத்தீங்க தம்பி?"

"எட்டு பக்கம் இருக்கும்ணே."

"அறுபது வரைக்கும் விடுறான். நீங்க ஏன் எட்டுலயே நிக்கிறீங்க?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மீட்சிப் பகுதியில், அதாவது யீல்டுக்கு முன், எஃகின் மீது தகைவை ஏற்றும் வேகம் நொடிக்கு 6 முதல் 60 மெகாபாஸ்கல் வரை இருக்கலாம் என்று இழுவைச் சோதனைக்கான தரநிர்ணயம் ஐ.எஸ். 1608 இடம் கொடுக்கிறது. மென் எஃகை வேகமாக இழுத்தால் யீல்டு சற்று உயர்ந்து காட்டும் என்பதும் தெரிந்த செய்திதான். அணு அடுக்குகள் வழுக்கத் தொடங்குவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால் கூடுதல் தகைவு கேட்கும். (மீட்சிப் பகுதியில் எஃகின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் இதற்கெல்லாம் அசைவதில்லை, மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான்.) ஒரு சாம்பிள் தேறாவிட்டால் இன்னும் இரண்டை எடுத்துச் சோதிக்கலாம், இரண்டும் தேற வேண்டும் என்பதும் விதி. வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து, 30ஐ ஒட்டிய வேகத்தில் இரண்டையும் இழுத்தேன். 253, 256. தகடு தேறியது.

சர்டிபிகேட் எழுதும்போது வேகத்தையும் குறிப்பிடலாமா என்று அவரிடம் கேட்டேன். இன்றுவரை என் மனத்தில் திரும்பத் திரும்ப ஓடுவது அந்தப் பதில்தான்.

"ரீடெஸ்ட்னு போடுங்க, அது ரூல். வேகத்துக்கு அந்தத் தாள்ல கட்டம் இருக்கா? மெதுவா இழுத்தா வர்றதுதான் நிஜம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. 246 உண்மை, 253 ஒப்பனை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கு எந்த ஆதாரமும் கிடையாது. எட்டு என்பதும் என் கைப்பழக்கம் தேர்ந்த ஒரு வேகம்தான். இயந்திரம் முதல் வகுப்பு அளவுத்திருத்தம் பெற்றது என்றாலே ஒரு சதவீதப் பிழைக்கு இடம் உண்டு, அதுவே இரண்டரை மெகாபாஸ்கல். வெர்னியர் அளவியில் அகலத்தை 0.1 மி.மீ. மாற்றிப் படித்தால் இன்னொரு ஒன்றேகால். மேலும், எஃகுக் கட்டுமான வடிவமைப்புக்கான ஐ.எஸ். 800இன் 2007ஆம் ஆண்டுப் பதிப்புப்படி கட்டமைப்பைக் கணக்கிடும் வடிவமைப்பாளர் யீல்டை 1.10ஆல் வகுத்து 227 அளவில்தான் நம்புகிறார். 246க்கும் 227க்கும் நடுவே இருக்கும் இடத்தில் எதுவும் இடிந்து விழாது. இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கும் நாட்களில் எனக்கு மனம் ஆறிவிடுகிறது.

ஆனால் அந்த 1.10 என்னுடைய சொத்து அல்ல. உருட்டாலையில் நேரும் ஏற்றத்தாழ்வு, தகட்டின் கனத்தில் வரும் குறைவு என்று தன் கண்ணுக்கு எட்டாதவற்றுக்காக வடிவமைப்பாளர் ஒதுக்கிவைத்த இருப்பு அது. சோதனைக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அதிலிருந்து நான் எடுத்துச் செலவழிக்கலாம் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. அதோடு, கட்டடத்தில் தகட்டின் மீது விழும் நிலைச்சுமை எட்டையும்விட மெதுவாக, மாதக்கணக்கில் ஏறுகிறது. அப்படிப் பார்த்தால் என் முதல் எண்ணே கட்டடத்துக்கு நெருக்கமானது என்று வாதாடலாம். காற்றுக்கும் கிரேனுக்கும் அந்த வாதம் அப்படியே பொருந்தாது என்பதையும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதைவிட என்னை அரிப்பது வேறொன்று. எண்ணை உயர்த்தியது வேகமா, இரும்பா என்பதே எனக்குத் தெரியாது. ஒரே தகட்டில் அருகருகே வெட்டிய சாம்பிள்களுக்குள்ளேயே நான்கைந்து மெகாபாஸ்கல் ஏறி இறங்குவதுண்டு. நான் சாம்பிளையும் மாற்றினேன், வேகத்தையும் மாற்றினேன். இரண்டில் ஒன்றைப் பழைய வேகத்திலேயே இழுத்திருந்தால் ஓரளவு புரிந்திருக்கும். அதுவும் 248இல் நின்றிருந்தால் தகடு திரும்பிப் போயிருக்கும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தா அப்படிச் செய்தாய் என்று கேட்டுக்கொண்டால், அந்த நேரத்தில் இந்த யோசனையே வரவில்லை என்றுதான் எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான், கேள்விதான் ஓய்வதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில், மென் எஃகுக்கு ஒரே வேகம் என்று முடிவு செய்து, அதை இயந்திரத்தின் மேல் எழுதி ஒட்டினோம். சர்டிபிகேட்டிலும் அதற்கென ஒரு வரி சேர்த்தோம். இதைக் கேட்பவர்கள் நல்ல வேலை செய்தீர்கள் என்கிறார்கள். எண் ஆளுக்கு ஆள் மாறக் கூடாது என்ற அளவில் நல்ல வேலைதான். எந்த வேகத்தை எழுதுவது என்று பேசியபோது, பத்து வைக்கலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். "பத்துல வச்சீங்கன்னா ஓரத்துல நிக்கிற பிளேட்டெல்லாம் திரும்பி வரும் தம்பி, பாத்துக்குங்க" என்றார் அவர். இருவரும் இருபதுக்குச் சம்மதித்தோம். ஏன் இருபது என்று தணிக்கைக்கு வருபவர் கேட்டால், அனுமதித்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்று சொல்வேன்.