பேய்க்கும் எனக்கும் ஒரே போர்ஷன்

கதாநாயகி கதவைத் திறக்கிறாள். கீழே இறங்கும் மரப்படிகள். சுவரைத் தடவி சுவிட்சைப் போடுகிறாள், எரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். வாஷிங் மெஷின், அதை ஒட்டி வெந்நீர்த் தொட்டி, அதற்கும் பின்னால் இருட்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு காரணத்துக்காக. அது என் வீடு. அந்த ஃபர்னஸ் இருக்கும் இடத்துக்கு ஒரு சுவர் தள்ளித்தான் என் கட்டில் கிடக்கிறது.

டொராண்டோவில், அதிலும் ஸ்கார்பரோ பக்கம் வந்து இறங்கும் நம்மவர்களில் நிறையப் பேருக்கு முதல் விலாசம் ஒரு பேஸ்மெண்ட்தான், அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறை. மேலே வீட்டுக்காரர், கீழே நாம். ஆங்கிலப் பேய்ப் படங்களில் அந்த இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் இருந்த நண்பன் காதில், "டேய், நம்ம ரூம்டா" என்றேன். முன்வரிசையில் ஒரு தலை மெல்லத் திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் பேய்ப் படத்தை யார் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள்? "போகாதடி, உள்ள போகாத" என்று பால்கனியிலிருந்து ஒரு குரல் வரும். "போனாத்தானே படம்" என்று கீழிருந்து பதில் வரும். ஒரு குழந்தை வீறிட்டு அழும். பாதிப் பயம் அதிலேயே கரைந்துவிடும். மிச்சப் பாதிக்கு இடைவேளை இருந்தது. விளக்கு எரிந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குக்கூடக் கும்பலாகத்தான் போவோம். இங்கே இடைவேளையே கிடையாது. விளம்பரமும் டிரெய்லரும் முடிந்து ஆரம்பித்தால் ஒரே மூச்சு. வாசலில் 14ஏ என்று போட்டிருந்தது. 14 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணையோடுதான் வரவேண்டும் என்று அர்த்தம். வயது வரம்பைக் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம்.

சரி, இதெல்லாம் பழகிவிடும். பழகாத விஷயம் வீடுதான்.

நம் பேய்ப் படங்களில் வரும் பங்களாவை நினைத்துப் பாருங்கள். ஜமீன்தார் காலத்து மாளிகை, வளைந்து ஏறும் படிக்கட்டு, கூடத்தில் தொங்கும் சரவிளக்கு, பூட்டிய ஒரு அறை. அப்படி ஒரு வீட்டில் நமக்குத் தெரிந்தவர் யாராவது குடியிருந்தார்களா? படம் முடிந்து நாம் திரும்பியதெல்லாம் சிமெண்டுத் தரை போட்ட ஒற்றை மாடி வீட்டுக்கு. அந்தத் தரையில் யானை நடந்தாலும் சத்தம் கேட்காது. பேய் என்பது புளியமரத்திலோ பாழுங்கிணற்றிலோ இருக்கும். வாசல்படி தாண்டி உள்ளே வருவதற்கு அதற்கே கொஞ்சம் தயக்கம் உண்டு. ஊரில் வீட்டுக்கு வந்ததும் படம் முடிந்துவிடும். இங்கே வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆரம்பிக்கிறது.

இந்த ஊர் வீடு மரத்தால் ஆனது. வெளியே செங்கல் தெரியும், அது வீடு போட்டிருக்கும் சட்டை. உள்ளே எல்லாம் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். குளிர்காலத்தில் காற்று வறண்டு மரம் சுருங்கும்போது வீடே முனகும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் வரிசையாகக் கேட்கும். முதலில் 'க்ளிக்'. பிறகு ஒரு சின்ன விசிறி உறுமத் தொடங்கும். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. திடீரென்று 'புஸ்' என்று எரிவாயு பற்றிக்கொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் மங்கலாக ஒரு நீல வெளிச்சம். அப்புறம் பெரிய விசிறி சுழன்று, தலைக்கு மேல் ஓடும் தகரக் குழாய்கள் சூடேறி, ஒவ்வொன்றாக 'டங்... டங்...' என்று அடித்துக்கொண்டு போகும். படத்துக்கு ஒலி அமைத்தவர் தனியாக ஒன்றும் யோசித்திருக்க மாட்டார். ஏதாவது ஒரு பேஸ்மெண்டில் மைக்கை வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்.

வந்த புதிதில் ஒரு காலையில் வீட்டுக்கார அக்காவிடம் கேட்டே விட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "அது ஃபர்னஸ் தம்பி, ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ" என்றார். சரி, ராத்திரி மூன்று மணிக்கு மேலே ஒருவர் காலை இழுத்து இழுத்து நடக்கிறாரே, அது? "அது மாமி" என்றார்.

இன்னொரு விஷயம் இந்த முறை தெரிய வந்தது. படம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அமெரிக்காவில் நடக்கிற கதைக்கு நாம் ஏன் இங்கே பயப்பட வேண்டும்" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பன் சிரித்தான். படத்தில் வரும் அந்த அமெரிக்காவில் பாதியைப் படம் பிடிப்பதே இங்கேதான் என்றான். உண்மைதான். 2017-இல் வந்த 'இட்' படத்தில் மெய்ன் மாநிலத்துச் சிற்றூராக வருவது இங்கிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் போர்ட் ஹோப். 'கிரிம்ஸன் பீக்' படத்து இங்கிலாந்து மாளிகையையும் டொராண்டோ ஸ்டுடியோவில்தான் கட்டினார்கள். ஊரில் இருந்தபோது எங்கேயோ கண்காணாத தேசம் என்று பாப்கார்னோடு பார்த்ததெல்லாம் பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது.

இப்போது எனக்கு இந்த வீட்டுச் சத்தம் எல்லாம் அத்துப்படி. எது ஃபர்னஸ், எது மாமி, எது மரம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். புதிதாக வந்த பையன்களுக்கு நானே விளக்கம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். அப்படி இருக்கையில்தான் போன குளிர்காலத்தில் ஒரு நடுராத்திரி, வெளியே பீரங்கி வெடித்த மாதிரி 'டமால்' என்று ஒரு சத்தம். சுவர் அதிர்ந்தது. பட்டியலில் இல்லாத சத்தம். மழை ஊறிய நிலம் திடீர்க் குளிரில் உறைந்து, விரிந்து, பிளக்கும்போது இப்படி வெடிக்குமாம். 2014 ஜனவரிக் குளிரில் டொராண்டோ வட்டாரத்தில் பலர் இதைக் கேட்டு அலறி எழுந்திருக்கிறார்கள். இதெல்லாம் மறுநாள் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் நான் செய்தது, அம்மாவுக்கு போன் போட்டது. அங்கே வெயில் ஏறிய காலை நேரம். பின்னால் குக்கர் விசில். "நெத்தியில திருநீறு பூசிக்கிட்டுப் படு. அந்தக் கண்றாவிப் படத்தையெல்லாம் பாக்காதேன்னா கேக்கறியா" என்றாள்.

திருநீறு பூசிக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை. செகண்ட் ஷோ முடிந்து அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நடந்து வந்த ராத்திரிகள்தான் வந்தன. "பின்னாடி யாரோ வராங்க, திரும்பாதே" என்று பெரியவன் கிசுகிசுத்தால் போதும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டம். மொட்டைமாடியில் ஒரே ஜமுக்காளம். அந்த ஓரமும் இந்த ஓரமும் படுக்க யாரும் சம்மதிக்க மாட்டோம். நடு இடத்துக்கு அடிதடியே நடக்கும். கடைசியில் தாத்தா வந்து ஓரத்தில் படுப்பார், இன்னொரு ஓரத்துக்கு நாலணா லஞ்சம் கொடுத்து யாரையாவது பிடிப்போம்.

இந்த மாதம் இன்னொரு பேய்ப் படம் வருகிறதாம். பேய் வீடுதான், போஸ்டரிலேயே பேஸ்மெண்ட் ஜன்னல். வீட்டுக்கார அக்காவும் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள், மாமியும் வருகிறாராம். "தம்பி, நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். டிக்கெட் போடும்போது எனக்கு நடு சீட்டாகப் பார்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.