கொடுத்த மாத்திரையும் உடம்பில் சேர்ந்த இரும்பும்

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் ரத்தசோகை பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி, "எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தீங்க?" என்பதுதான். எத்தனை பேர் விழுங்கினார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் ஏறியது என்பதெல்லாம் நேரம் மிச்சமிருந்தால் வரும். வருமுன் காத்தலை நோக்கி நம் சுகாதாரக் கொள்கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது இந்தக் கேள்விகளின் வரிசையிலேயே தெரிந்துவிடுகிறது.

கொள்கை அசையவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 1939-இலேயே பொதுசுகாதாரத்துக்கென்று தனிச்சட்டம் கண்ட மண் இது. 1982-இல் சத்துணவு வந்தது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவமும், 2022 செப்டம்பரில் பள்ளிக் காலை உணவும் வந்தன. குறை இருப்பது கடைசி நாலு எட்டில், மாத்திரை அட்டை வீட்டுக்குள் போனபிறகு நடப்பதில்.

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், மேலப்பாளையம், வீரவநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மடியில் தட்டு, குனிந்த கழுத்து, காலையில் ஒரு கடுங்காப்பி, எண்ணிக்கை முடிகிறவரை சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, இடையிடையே தேயிலை. இரும்புச்சத்து உடம்பில் ஏறாமல் போவதற்கு இதற்குமேல் எதுவும் வேண்டாம். "நர்ஸம்மா, அந்தச் செவப்பு மாத்திரையத் தின்னா வயித்தப் பெரட்டுது" என்பார்கள். உண்மையாகவே புரட்டும். ஆனால் புகையிலைத் தூள் கைவழியாகவும் மூச்சுவழியாகவும் உள்ளே போனாலும் குமட்டல், கிறக்கம் வரும். பழி மொத்தமும் மாத்திரைமேல் விழுகிறது, அட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடுகிறது. முதலில் சொல்ல வேண்டியது, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்வதும், மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன் போடச் சொல்வதும்தான். குமட்டல் தூக்கத்தில் கழிந்துவிடும். மலம் கறுப்பாகப் போகும், அது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம் என்பதையும் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சமாதானம் போலத்தான் கேட்கும்.

அளவு விஷயத்தில் குழப்பம் கூடாது. கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும், 180 நாளுக்கு. ஹீமோகுளோபின் (100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில்) 11-க்குக் கீழே, 7-க்குக் குறையாமல் இருந்தால் தினம் இரண்டு. ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஏறக்குறைய ஒரு கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் காரணம் மூன்றில் ஒன்றுதான்: விழுங்கவில்லை, விழுங்கியது சேரவில்லை, அல்லது வேறு காரணம் இருக்கிறது. மூன்றாவதற்கு மருத்துவ அலுவலரிடம் அனுப்பியாக வேண்டும். சேராமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று தேயிலையும் காப்பியும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அவை ஆகாது. மற்றது கால்சியம் மாத்திரை. இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிடுகிறார்கள். கால்சியத்தைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் இரவு இரும்புக்கு இடம் கிடைக்கும். பக்கத்தில் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் நல்லது.

ஏறியதா என்று பார்க்கிற அளவே தவறாகிப் போவதும் உண்டு. விரலைக் குத்தி, ரத்தம் வரவில்லையென்று பிதுக்குவார்கள். பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, மோதிர விரல் நுனியின் ஓரத்தில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுக்க வேண்டும். ஹீமோகுளோபின் கருவிக்கான ஸ்ட்ரிப் டப்பா மூடி திறந்தபடி கிடந்தாலும், சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தாலும் அந்த எண்ணை நம்ப முடியாது. போன மாதம் ஒரு கருவி, இந்த மாதம் வேறு கருவி என்று பார்த்துவிட்டு "ஏறலையே" என்று அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்வது கொடுமை.

உணவுக்கு வருவோம். முருங்கைக்கீரை நல்லதுதான். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் கீரையில் இருக்கும் இரும்பில் சிறிதளவே உடம்பு எடுத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் 8-இல் நிற்கிற பெண்ணிடம் கீரையும் கருப்பட்டியும் போதுமென்று சொல்லி அனுப்புவது பொறுப்பற்ற பேச்சு. ஆட்டுச் சுவரொட்டியிலும் (மண்ணீரல்) உவரி, கூட்டப்புளிக் கரையில் மலிவாகக் கிடைக்கும் சாளை மீனிலும் இருக்கும் இரும்பு எளிதில் சேரும். கீரையோடு ஒரு துண்டு மீன் இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். வயதுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். புரதத்துக்கு அருமையானது. அதை ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் தொடரச் சொல்லலாம், ஆனால் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கும் நீல இரும்பு மாத்திரைக்கு அது ஈடாகாது.

ரேஷன் கடைச் செறிவூட்டிய அரிசியைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை. செறிவூட்டும்போது நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் சத்துமணி (இரும்பு சேர்த்து அரிசி வடிவில் செய்த மணி) கலப்பார்கள். கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. ஒரு பெண் நாளுக்கு 300 கிராம் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டால் ஏறக்குறைய 8 முதல் 13 மில்லிகிராம் அதிலேயே வரும். நடப்பது என்ன? அந்த மணிகள் களையும்போது மிதக்கும், நிறமும் கொஞ்சம் வேறாக இருக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறார்கள், இல்லையென்றால் களைந்த தண்ணீரோடு கொட்டுகிறார்கள். அங்கன்வாடியில் ஒரு சட்டித் தண்ணீரில் அந்த அரிசியைப் போட்டு, மிதப்பதைக் காட்டி, பொங்கியும் காட்டினால் அரை மணி நேர வேலை. இதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத வேலைக்கு நேரமும் ஒதுக்கப்படுவதில்லை.

உப்பும் அப்படித்தான். தலைக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டால் விளங்கும். 50 நாள் வந்தால் கணக்கு சரி. 25 நாளில் தீர்ந்தால் தலைக்கு 10 கிராம் ஆகிறது, கருவாடும் அப்பளமும் மோர்மிளகாயும் அதற்குமேல். ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிற வீட்டில் இந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டு வர இரண்டு நிமிடம் போதும்.

சித்த மருத்துவத்தைச் சேர்த்துக்கொண்டு நடப்பதில் நமக்கு மற்ற இடங்களைவிட வசதி அதிகம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்தா பிரிவும் இருக்கிறது. சிக்கல் வருவது சீட்டில். அன்னபேதிச் செந்தூரமும் இரும்புதான். அந்தப் பக்கம் அதை வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் தினம் இரண்டு மாத்திரையும் வாங்கினால் இரு மருத்துவருக்கும் மற்றவர் கொடுத்தது தெரியாது. ஒரே அட்டையில் இரண்டு பிரிவும் எழுத வேண்டும். முழுமையான மருத்துவம் என்று மேடையில் பேசுவதைவிட இது அவசரம்.

பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் மாத்திரை உண்டு. பெரும்பாலும் அறுந்துபோவது இங்கேதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குப் போகிறாள். தாய்வீடு ஒரு துணை சுகாதார நிலையம், மாமியார் வீடு இன்னொன்று. அவளைத் தேடி எந்த நர்ஸும் போவதில்லை, இரு பதிவேட்டிலும் அவள் அடுத்தவர் கணக்கு. அனுப்பும் நாளை வீட்டார் முன்கூட்டியே குறித்துவிடுகிறார்கள், கேட்டால் சொல்வார்கள். அந்த வாரமே மிச்ச நாளுக்கான அட்டைகளை எண்ணிக் கையில் கொடுத்து, கடைசி ஹீமோகுளோபின் அளவைத் தாய்-சேய் நலப் புத்தகத்தில் எழுதி, போகிற ஊர் நர்ஸுக்குப் போனில் பெயரையும் தெருவையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக் கூட்டத்தில் இதைக் கேட்கத் தொடங்கினால், செய்யவும் தொடங்குவார்கள்.