வாஷிங்டன் நேவல் ஆரஞ்சு: பூர்வீகமும் குணமும்

நேவல் ஆரஞ்சின் அடியில் இருக்கும் தொப்புள் வெறும் குழி அல்ல. குறுக்கே நறுக்கினால் தெரியும்: பெரிய பழத்துக்குள் வளராமல் நின்றுபோன ஒரு குட்டிப் பழம். அதற்கும் சுளைகள் உண்டு.

பூர்வீகம் பிரேசிலின் பாஹியா. செலெக்டா என்ற ஆரஞ்சு ரகத்தின் ஒரு கிளையில் ஏற்பட்ட மொட்டுத் திரிபு, அதாவது ஒரு மொட்டில் தானாக நேர்ந்த மரபணு மாற்றம், என்பதே பரவலான கருத்து. 1870இல் அமெரிக்க வேளாண் துறையின் வில்லியம் சாண்டர்ஸ் அங்கிருந்து 12 ஒட்டுக்கன்றுகளை வாஷிங்டனுக்கு வரவழைத்தார். பெயர் வந்த வழி அதுதான். அவற்றிலிருந்து பெருக்கிய கன்றுகள் 1873 வாக்கில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் இருந்த எலைசா டிபெட்ஸுக்குக் கிடைத்தன. அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. பைட்டாப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரி அதன் வேரை அரித்தபோது, 1918இல் பக்கத்திலேயே இளங்கன்றுகளை நட்டு அடிமரத்தோடு ஒட்டிப் புது வேர் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

இந்த ரகத்தில் உயிருள்ள மகரந்தமே கிடையாது. விதையாக வேண்டிய சூல்களும் பெரும்பாலும் மலடு. அதனால்தான் விதையில்லை. பெருக்குவதற்கு மொட்டு ஒட்டுதான் வழக்கமான வழி. புது ரகங்களும் பெரும்பாலும் ஏதாவது ஒரு கிளை தானாக மாறி வந்தவைதான். 1976இல் வெனிசுவேலாவில் கண்டெடுத்த காரா காரா அப்படி வந்ததே. அதன் சதையின் இளஞ்சிவப்பு லைகோபீன் என்ற நிறமியால் வருவது. பிளட் ஆரஞ்சு என்ற வேறு வகையின் சிவப்போ ஆந்தோசயனின் என்ற நிறமி. பிளட் ஆரஞ்சு சிவக்கக் குளிர் வேண்டும், காரா காராவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

உரித்துத் தின்ன வாஷிங்டன் நேவலுக்கு இணை குறைவு; சாற்றுக்கு ஆகாது. பிழிந்ததும் இனிக்கும். ஆனால் சுளைத்தோலிலும் சதையிலும் உள்ள கசப்பற்ற ஒரு பொருள் சாற்றின் புளிப்பில் மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறி, சில மணி நேரத்தில் கசப்பேறிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். சர்க்கரை போட்டும் பயனில்லை. பிழிந்த உடனே குடியுங்கள். எடுத்து வைப்பதாக இருந்தால் வாலென்சியா ரக ஆரஞ்சை வாங்குங்கள்.

தோட்டத்தில் இது கொஞ்சம் செல்லப்பிள்ளை. பூக்கும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் வெயில் கொளுத்தினால் பிஞ்சுகள் கொட்டிவிடும். காயவிட்டுத் திடீரென நிறையத் தண்ணீர் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் தொப்புளில்தான் தொடங்கும். அந்த வாய் வழியாகவே ஆல்டர்னேரியா பூஞ்சையும் உள்ளே போகிறது. மரத்தில் ஒரு பழம் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் நிறம் மாறினால் சந்தேகப்படலாம்: வெளியே பளபளப்பு, நறுக்கினால் நடுவில் கரி. வாங்கும்போது தொப்புள் சிறிதாக மூடியிருப்பதையும், கையில் கனப்பதையும் எடுங்கள்.