கடிகாரத் தடிப்பும் பேட்ச் டெஸ்ட்டும்: முழு வழிமுறை

ஸ்மார்ட் கடிகாரத்துக்கு அடியில் சிவந்து அரிக்கிறது என்று சொன்னால், சிங்கப்பூரில் எல்லாரும் "வியர்வைதான், வேறொன்றுமில்லை" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். பட்டைக்கு அடியில் வியர்வையும் சோப்புத் தண்ணீரும் கை சானிடைசரும் தேங்கித் தோலை ஊறவைத்துவிடும். இது எரிச்சல், ஒவ்வாமை இல்லை. சில நாள் கழற்றி வைத்து, பட்டையைக் கழுவி உலர்த்தினால் அடங்கிவிடும்.

ஒவ்வாமையின் போக்கு வேறு. பொருள் பட்ட உடனே எதுவும் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத் தடித்து, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம் வரும். கழற்றிய பிறகும் நாள்கணக்கில் நிற்கும், திரும்பக் கட்டினால் திரும்ப வரும். எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். கொக்கி படும் இடத்தில் மட்டும் என்றால் நிக்கல் மேல் சந்தேகம். பட்டை முழுக்க என்றால் ரப்பர் வேதிப்பொருளோ பசையோ. 2014-இல் ஃபிட்பிட் ஃபோர்ஸ் கைப்பட்டை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோதும் அக்ரிலேட் பசையும் நிக்கலும்தான் பேசப்பட்டன. தடிப்பு உச்சத்தில் இருக்கும்போதே படம் எடுத்துவையுங்கள், மருத்துவரைப் பார்க்கும் நாளில் அது வற்றிப்போயிருக்கும். தைலம், மஞ்சள், எலுமிச்சை எதுவும் பூச வேண்டாம். புண்ணான தோலில் அவை தனியாக ஒரு எரிச்சலைக் கிளப்பிவிடும்.

நிக்கலை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதற்கான சோதனைத் திரவம் இணையத்தில் கிடைக்கிறது. அதில் வரும் டைமெத்தில்கிளையாக்சைமையும் அம்மோனியாவையும் பஞ்சுக்குச்சியில் ஓரிரு துளி விட்டு, கொக்கியின் உட்பக்கத்தில் அரை நிமிடம் தேய்க்க வேண்டும். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் கசிகிறது. நிறம் மாறாவிட்டால் நிக்கலே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. எவர்சில்வரிலும் நிக்கல் உண்டு, ஆனால் கசியும் அளவுதான் கணக்கு. தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருளுக்கு ஐரோப்பிய வரம்பு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராம்.

எந்தப் பொருள் என்று உறுதியாகச் சொல்வது பேட்ச் டெஸ்ட்தான், அதாவது சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை. குடியுரிமை, நிரந்தரவாசம் உள்ளவர்கள் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் நேஷனல் ஸ்கின் சென்டர் என்ற தோல் மருத்துவ நிலையத்தில் சலுகைக் கட்டணம் கிடைக்கும். சோதனைக்கு ஒரே வாரத்தில் பல தடவை போக வேண்டியிருக்கும். திங்கள் ஒட்டினால் புதன் பிரிப்பார்கள், வெள்ளி மறுபடி பார்ப்பார்கள். அத்தனை நாளும் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. ரிசர்விஸ்ட் படைப் பயிற்சி, பூப்பந்து, தைப்பூசக் காவடி எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு தடவினாலோ, முதுகு வெயிலில் காய்ந்தாலோ முடிவு மங்கும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்தக்கூடாது.

ஒட்டுவது வலிக்காது, ஊசி கிடையாது. 8 மில்லிமீட்டர் அளவுள்ள சின்னக் கிண்ணங்கள் வரிசையாகப் பதித்த டேப்பை முதுகில் ஒட்டுவார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் வாஸ்லினிலோ தண்ணீரிலோ கலந்த ஒரு பொருள், நிக்கல் சல்ஃபேட் என்றால் பெரும்பாலும் 5 விழுக்காடு. ஓரங்களில் மார்க்கரால் கோடு போடுவார்கள். அந்தக் கோடு அழிந்தால் எந்தக் கட்டத்தில் எந்தப் பொருள் இருந்தது என்றே தெரியாமல் போய்விடும். அதனால் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, தலையைக் குனிந்து தனியாக அலச வேண்டும். மார்க்கர் மை துணியில் ஏறும், பழைய பருத்திச் சட்டையாகப் போடுங்கள். பெண்களுக்கு உள்ளாடைப் பட்டை டேப்பின் மேல் உரசாமல் இருப்பதும் முக்கியம். இரண்டாம் நாள் ஏதாவது ஒரு கட்டம் மட்டும் அரிக்கத் தொடங்கும், சொறியாதீர்கள்.

புதன்கிழமை முடிவை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். டேப் பிரித்த எரிச்சலே சிவப்பாகத் தெரியும். வெள்ளியன்றும் நிற்பது, இன்னும் தடிப்பதுதான் ஒவ்வாமை. உலோகங்கள் சில நேரம் ஏழாம் நாள்தான் காட்டும். கோபால்ட் கட்டத்தில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை.

பலர் ஏமாறும் இடம் இதுதான்: சோதனையில் வழக்கமாக ஒட்டும் பொருள் வரிசையில் எல்லாமே இருக்காது. சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சர்கள் சிலவற்றில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற பசைப் பொருள் இருந்தது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2020-இன் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இதைத்தான். அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்காவிட்டால் "ஒன்றுமில்லை" என்று முடிவு வந்துவிடும். அதனால் சென்சர், பட்டை, இயர்போன் ரப்பர், போன் உறை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரப்பர் துண்டை வெட்டி அப்படியே ஒட்டிப் பார்க்க முடியும். திரவப் பசையை மட்டும் நீங்களாகத் தோலில் வைத்துப் பார்க்காதீர்கள், தோல் வெந்துவிடும். புதிதாக ஒவ்வாமையும் தொடங்கலாம். தொழிற்சாலையில் ஈயம் பற்றவைப்பவர்கள், அதற்குச் சேர்க்கும் ஃப்ளக்ஸ், எபாக்ஸி பிசின் ஆகியவற்றின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கொண்டுபோக வேண்டும். ஃப்ளக்ஸில் இருக்கும் கொலோஃபனி என்ற பைன் மரப் பிசின் பெயர்பெற்ற ஒவ்வாமைப் பொருள். வேலையால் வந்த தோல் நோய்க்கு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் இடம் உண்டு, அது வேலையால் வந்ததா என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

போன் திரைக் கண்ணாடியை யூவி விளக்கில் ஒட்டும் பசையும் அக்ரிலேட்தான். விரல் நுனி வெடித்து உரிகிறது என்றால் அதை நினைத்துப் பாருங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறை சில நிமிடங்களில் அதை உள்ளே விட்டுவிடும்.

முடிவுத் தாளில் பொருளின் பெயர் இருக்கும், கருவியின் பெயர் இருக்காது. நிக்கல் என்றால் கொக்கி இல்லாத துணிப் பட்டையோ டைட்டானியமோ போதும், கடிகாரத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அக்ரிலேட் என்றால் அந்தத் தாளைப் பல் மருத்துவரிடமும் ஜெல் நகப்பூச்சு போடும் கடையிலும் காட்டுங்கள். அங்கே பயன்படுத்துவதும் அதே குடும்பத்துப் பொருள்தான்.