பழைய ஷியரிங் மெஷினைக் கைக்கு ஆபத்தில்லாமல் ஓட்டப் பழகிய கதை

கோவை கணபதியில் பேனல் பாக்ஸ் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் இருக்கிறேன். மோட்டார் ஸ்டார்ட்டர், பம்ப் கன்ட்ரோல் போர்டு எல்லாம் வைக்கிற இரும்புப் பெட்டிகள்தான் எங்கள் வேலை. ஐடிஐயில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் டிரேடு முடித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். வெட்டும் வேலையை வெளியில் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம், அது கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி ஒரு செகண்ட் ஹேண்ட் ஷியரிங் மெஷின், அதாவது தகடு வெட்டும் மெஷின், வாங்கினார். 8 அடி நீளம், 3 மி.மீ. தகடு வரை வெட்டும், பக்கவாட்டில் பெரிய ஃப்ளைவீல் (கனமான சுழல் சக்கரம்) வைத்த பழைய மெக்கானிக்கல் மெஷின். முன்பக்கம் விரல் போகாமல் தடுக்கிற கார்டு இல்லை. போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன, அதாவது ஒரு காலத்தில் கார்டு இருந்திருக்கிறது, யாரோ கழற்றிப் போட்டுவிட்டார்கள். தகட்டில் போட்ட வெட்டுக் கோடு தெரியவில்லை, வேலை தாமதமாகிறது என்று கழற்றுவார்கள், பல பட்டறைகளில் இது நடக்கிறது.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் நேராகவே சொன்னார்: "இதுல கார்டு போடாம ஒரு தகடுகூட வெட்ட மாட்டனுங்க. பசங்க கை முக்கியமுங்க." முதலாளியும் சரி என்றார். இந்தச் சம்மதம் கிடைக்காத பட்டறைகள் எத்தனையோ.

கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஷியரிங் மெஷின் என்றதும் பிளேடைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். ஆனால் பிளேடுக்கு முன்னால் வரிசையாக ஹோல்ட் டவுன் கால்கள் இருக்கும், தகடு நகராமல் அமுக்கிப் பிடிக்கிறவை, ஸ்ட்ரோக் (பிளேடு ஒரு தடவை இறங்கி ஏறுவது) ஆரம்பித்ததும் முதலில் இறங்குவது அவைதான். பிளேடு தொடாமலே விரல் நசுங்கிப் போகும். அதனால் கார்டு பிளேடை மறைத்தால் போதாது, ஹோல்ட் டவுனுக்கும் முன்னால் நிற்க வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதை மனக்கணக்கில் வைக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 13857 என்று ஒரு தரநிலை இருக்கிறது, இடைவெளி எவ்வளவு என்றால் தூரம் எவ்வளவு வேண்டும் என்று அதில் அட்டவணை போட்டிருக்கிறார்கள். நீளமான இடுக்கு 6 மி.மீ.க்குள் இருந்தால் ஆபத்தான இடம் 10 மி.மீ. தள்ளி இருந்தாலே போதும். 8 மி.மீ. வரை என்றால் 20. அதைத் தாண்டி 10 மி.மீ. வரை போனால் 80 மி.மீ. வேண்டும், 12க்கு மேல் 20 வரை என்றால் 120. 20ஐத் தாண்டினால் ஒரேயடியாக 850 மி.மீ. ஆகிவிடும், ஏனென்றால் அதற்குமேல் கை முழுசாக உள்ளே போய்விடும். இந்த அட்டவணையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. விரலின் அளவை வைத்துப் போட்ட கணக்கு அது, ஆள் கவனமாக இருப்பாரா மாட்டாரா என்ற கேள்வியே அதில் கிடையாது.

எங்கள் மெஷினில் போகும் அதிகபட்ச தகடு 3 மி.மீ., அதனால் கார்டின் கீழ் விளிம்பை மேசையிலிருந்து 6 மி.மீ. உயரத்தில் வைத்தோம், ஹோல்ட் டவுனிலிருந்து தாராளமாகவே தள்ளி. கோடு தெரிய வேண்டுமே என்பதற்காக நெடுக்காக ஒடுக்கமான துளைகள் வெட்டி, உள்பக்கம் ஒரு எல்இடி பட்டி ஒட்டினார் அண்ணன். கழற்றிய காலத்தில் அந்த வெளிச்சத்தை யாராவது போட்டிருந்தால் அந்தப் பழைய கார்டு இன்றைக்கும் அதன் இடத்தில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அளவுக்கு வெட்டும்போது பின்னால் பேக் கேஜ் இருக்கிறது, தகட்டைத் தள்ளி அதில் முட்டவைத்தால் போதும், பாதி வேலைக்குக் கோடே பார்க்க வேண்டியதில்லை.

அடுத்தது கிளட்ச். இந்த வகை மெஷினில் ஃப்ளைவீல் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், பெடலை மிதித்தால் கீ என்கிற ஒரு இரும்புத் துண்டு விழுந்து, பிளேடை இறக்கி ஏற்றுகிற கிராங்க் ஷாஃப்டை ஃப்ளைவீலோடு பிடிக்கும், மேல் பிளேடு இறங்கி ஏறும், ஒரு சுற்று முடிந்ததும் கீ விடுபட்டு மேலேயே நிற்க வேண்டும். கீ பிடித்துவிட்டால் காலை எடுத்தாலும் அந்தச் சுற்று நடுவில் நிற்காது. கீ தேய்ந்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, பிரேக் பிடிக்காமல் இருந்தாலோ, யாரும் மிதிக்காமலே பிளேடு இரண்டாவது தடவை இறங்கும். காலை எடுத்துவிட்டோம், இனி வராது என்று நம்பித்தானே ஆள் கையை நீட்டுவார்? எங்கள் மெஷினைக் காலியாக ஓட்டிப் பார்த்தபோது பிளேடு மேலே போய் நிற்காமல் லேசாகக் கீழே வழுக்கியது. பிரேக் லைனிங் முழுக்க எண்ணெய் ஊறிக் கிடந்தது. லைனிங்கை மாற்றி, கீயையும் ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட்டோம். இப்போதும் காலையில் மெயின் போட்டதும் தகடு வைக்காமல் நாலைந்து ஸ்ட்ரோக் விட்டுப் பார்ப்பேன், பிளேடு உச்சியில் நின்றால்தான் வேலை.

பெடல் இன்னொரு தொல்லை. பழைய மெஷின்களில் அது தனி பெடலாக இருக்காது, முன்பக்கம் நெடுகிலும் ஒரு கம்பி மாதிரி ஓடும், எங்கே நின்று மிதித்தாலும் வேலை செய்யும். ஒருவர் ஓட்டும்போது அது வசதி. 8 அடித் தகட்டின் அந்தப் பக்கம் ஹெல்பர் நிற்கும்போது அதே கம்பி இரண்டு பேர் காலுக்கும் பொதுவாகிவிடும். நாங்கள் சேனல் வளைத்து நெடுகிலும் மூடி, ஓட்டுகிறவர் பக்கம் ஒரே ஒரு பாதம் போகிற அளவு மட்டும் திறந்து விட்டோம். மேலே மூடி இருப்பதால் கீழே விழும் துண்டு பெடலில் படாது. ஹெல்பர் இரண்டு கையையும் தகட்டின் வெளி விளிம்பில் வைத்துக்கொண்டு "போலாம்" என்று குரல் கொடுத்த பிறகுதான் மிதிப்பேன். தலையாட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பிளேடு கேப்பை வெறும் தர விஷயமாகவே ஐடிஐயில் படித்தேன், பட்டறையில்தான் அது பாதுகாப்பு விஷயம் என்று தெரிந்தது. மேல் பிளேடுக்கும் கீழ் பிளேடுக்கும் நடுவே தகட்டின் தடிமனில் 5 முதல் 10 சதவீதம் இடைவெளி இருக்க வேண்டும், எங்கள் 1.6 மி.மீ. தகட்டுக்கு ஏறக்குறைய 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டுப் பட்டை) விட்டு நீளம் முழுக்கச் சரிபார்ப்போம். கேப் அதிகமானால் பிசிறு வரும், அதைவிட மோசம், மெல்லிய தகடு வெட்டுப்படாமல் மடங்கி இரண்டு பிளேடுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால்தான் ஆட்கள் கார்டைக் கழற்றிக் கையை விடுகிறார்கள். அதற்கு எங்கள் பட்டறையில் ஒரே வழிதான்: மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, சிக்கலை எடுக்கப் போகிறவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் கொஞ்ச நேரம் சுற்றும், அந்த வேகமே ஒரு ஸ்ட்ரோக்குக்குப் போதும், அதனால் அது அடியோடு நிற்கும்வரை கிட்டேயே போகக் கூடாது. அப்புறம் மேல் பிளேடுக்குக் கீழே கட்டை வைத்துவிட்டுத்தான் கை வைப்போம். பிளேடு திருப்பிப் போடும்போதும் இதேதான்.

மெஷினை இவ்வளவு செய்த பிறகும் காயம் வரும் வழி ஒன்று உண்டு, அது தகடு. 1.6 மி.மீ. கனத்தில் 8க்கு 4 அடி தகடு ஒன்று 37 கிலோ வரும், 2 மி.மீ. என்றால் 47 கிலோ, மேலே எண்ணெய் வேறு பூசியிருக்கும். வெட்டுத் தாங்கும் கையுறை போட்டு இரண்டு பேராகத்தான் தூக்குவோம். டிரில்லிங் மெஷினில் கையுறை கூடாது, சுழலும் பிட் இழுத்துக்கொள்ளும், அதைக் கேட்டுப் பழகியவர்கள் தகடு தூக்கும்போதும் வெறுங்கையாக வருவார்கள். அண்ணன் அவர்களைத் திருப்பி அனுப்புவார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கிற நாட்களில் டெம்போவிலிருந்து இறக்குவதுதான் ரொம்பக் கஷ்டம். தகட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் காற்று ஆளையே சுழற்றிவிடும், அதனால் படுக்கையாகப் பிடித்து, மூன்று பேராக, வண்டியைச் சுவரோரம் நிறுத்தி இறக்குவோம்.

சட்டத்தைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். ஓடும் இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொன்னது. ஆனால் 2025 வரை இருந்த அந்தச் சட்டப்படி, கரண்டில் ஓடும் பட்டறை என்றால் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலையாகக் கணக்கானது. எங்களை மாதிரி ஏழெட்டுப் பேர் இருக்கிற இடத்துக்கு யாரும் வந்து பார்ப்பதில்லை, விரல் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். இதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு.

மெஷினின் பின்பக்கம் பல பேர் யோசிக்காத இடம். வெட்டிய துண்டு அங்கேதான் விழும், பொறுக்குவதற்கு ஒரு பையன் குனிந்து நிற்பான், முன்னால் இருப்பவருக்கு அவன் தெரிய மாட்டான், பின்பக்கம் பிளேடுக்குக் கார்டும் இருக்காது. நாங்கள் பின்னால் சரிவாக ஒரு தகடு வைத்து, துண்டுகள் வழுக்கி வெளியே வந்து விழும்படி செய்தோம், இரண்டு பக்கமும் வலைக் கதவு போட்டோம். துண்டு எடுப்பது மெஷின் நின்ற பிறகுதான்.

ஒடுக்கமான பட்டைகள் மட்டும் இன்னும் தகராறுதான். கையில் மிஞ்சும் பக்கம் ஹோல்ட் டவுன் வரை எட்டவில்லை என்றால் அதை அமுக்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது, பிளேடு பட்டதும் நம் பக்கத்து முனை மேலே எகிறும். அப்படி வரும் கடைசித் துண்டை நாங்கள் அந்த மெஷினில் வைப்பதே இல்லை, கை லீவர் ஷியரில் வெட்டுவோம், இல்லையென்றால் ஸ்கிராப்பில் போட்டுவிட்டுப் புதுத் தகட்டிலிருந்து எடுப்போம். வீணாகும் தகட்டுக்கு முதலாளி முதலில் முணுமுணுத்தார், இப்போது விலை சொல்லும்போதே அதையும் சேர்த்துப் போடுகிறார்.