பலத்த மழை, பலத்த காற்று

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் எங்கள் அலுவலகத்தில் எழுத்து வேலை இரட்டிப்பாகும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் ஏறியதும் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர், எத்தனை குடும்பம் பாடசாலைக் கட்டடத்தில், எத்தனை கிணறு கலங்கிப் போயிற்று என்று வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டு வருவார்கள். அதைத் திருத்தி இரவுக்குள் கொழும்புக்கு அனுப்புவது என் பொறுப்பு. மொழிபெயர்ப்பாளன் என்றுதான் என்னைச் சேர்த்தார்கள். எப்போது திருத்துபவனாக ஆனேன் என்பது எனக்கே ஞாபகம் இல்லை.

அப்படி வந்த ஒரு அறிக்கையில் ‘ஸ்ட்ரோங் ரெயின்’ என்றும் ‘ஹெவி விண்ட்’ என்றும் இருந்தது. இரண்டு அடைமொழிகளையும் இடம் மாற்றிப் போட்டேன். எழுதிய தம்பி பக்கத்திலேயே நனைந்த ரெயின்கோட்டோடு நின்றான்.

“அண்ணை, மழையும் பலத்ததுதானே, காத்தும் பலத்ததுதானே. பிறகேன் ரெண்டுக்கும் வேற வேற சொல்லு?”

“அப்பிடித்தான் தம்பி சொல்லுறது.”

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் அந்தப் பதில் உறுத்தியது. பத்து வருடத்துக்கு மேல் இதே மேசையில் இருந்தும் என்னிடம் இருந்த ஒரே விளக்கம் அதுதான்.

யோசித்துப் பார்த்தால் அவன் பிழைக்கு ஒரு நேர்மையான காரணம் இருந்தது. தமிழில் ‘பலத்த’ என்ற சொல் நல்ல குடும்பஸ்தன் மாதிரி, எல்லா வீட்டுக்கும் போகும். பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த சேதம், பலத்த பாதுகாப்பு, பலத்த கைதட்டல். ஆங்கிலத்தில் இந்த வீடுகளுக்கெல்லாம் ஆள் வேறு. மழைக்கும் சேதத்துக்கும் ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ரோங்’, காயத்துக்கு ‘சீரியஸ்’, பாதுகாப்புக்கு ‘டைட்’, கைதட்டலுக்கு ‘லவுட்’. அந்த ‘ஹெவி’யும் மழையோடு நிற்காது. அளவுக்கு மீறிச் சிகரட் பத்துகிறவனும் ஹெவி, நெரிசலான வீதியும் ஹெவி. பாரம் என்று அகராதியில் படித்த பிள்ளைக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும்?

வினைச்சொற்களில் நாங்கள் இன்னும் அதிகமாகச் சறுக்குகிறோம். ‘முயற்சி எடுத்தோம்’ என்று மனதில் ஓடுவதால் ‘டேக் எஃபர்ட்’ என்று கை எழுதிவிடும். ஆங்கிலத்தில் முயற்சிக்கு ‘மேக்’தான் துணை. ‘கூட்டம் வைத்தோம்’ என்பது ‘புட் எ மீட்டிங்’ ஆகிவிடும். அங்கே கூட்டத்தைப் பிடிக்க வேண்டும், ‘ஹோல்ட்’. நாங்கள் மருந்தைக் குடிப்போம், குளிசையைப் போடுவோம். அவர்கள் இரண்டையும் எடுப்பார்கள். ஒரு சுகாதார அறிக்கையில் தாய்மார் ஒழுங்காக இரும்புச்சத்துக் குளிசை குடிக்கிறார்கள் என்பதற்கு ‘டிரிங்க்’ என்று வந்திருந்தது. சிரித்தேன், பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். ‘டேக் எ டிசிஷன்’ என்று எழுதியவரைப் பிழை என்று சொல்லி ‘மேக்’ ஆக்கிய காலமும் உண்டு. பிரித்தானிய ஆங்கிலத்தில் அந்த ‘டேக்’கும் செல்லும் என்று பின்னால்தான் தெரிய வந்தது. அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இனி என் சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண்களுக்கான தையல் பயிற்சி ஒன்றைப் பற்றி அறிக்கை எழுதினேன். இந்தப் பயிற்சி அவர்கள் வாழ்க்கையில் பெரிய மாற்றத்துக்குக் காரணமாக இருந்தது என்று சொல்ல நினைத்து, ‘காஸ்’ என்ற வினையைப் போட்டிருந்தேன். மறுநாள் கொழும்பிலிருந்து போன். பயிற்சியில் என்ன பிரச்சினை, யாராவது முறைப்பாடு செய்திருக்கிறார்களா என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இலக்கணம் சரி, எழுத்துக்கூட்டல் சரி, அகராதிப்படி அர்த்தமும் சரி.

அந்தச் சொல்லின் சகவாசம்தான் சரியில்லை. ‘காஸ்’ என்ற வினைக்குப் பின்னால் வழக்கமாக வருகிறவை சேதம், நோவு, மரணம், தாமதம், தலையிடி. கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் சேர்த்து வைத்து எண்ணிப் பார்த்த மொழியியலாளர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலம் வாசித்துப் பழகியவருக்கு அந்த வினையைக் கண்டதும் ஏதோ கெட்டது வரப்போகிறது என்று மனம் தயாராகிவிடும். நல்ல மாற்றத்துக்கு ‘பிரிங்’ என்று சாதாரணமாக எழுதியிருந்தால் போன் வந்திருக்காது.

தமிழ் இதில் சளைத்ததில்லை. விபத்து நேரும், இழப்பு நேரும். ‘அவர்களுக்குக் கல்யாணம் நேர்ந்தது’ என்று யாராவது எழுதினால் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். ஒருவர் விமர்சனத்துக்கு ஆளாவார், சந்தேகத்துக்கு ஆளாவார். பாராட்டுக்கு ஆளானார் என்றால் காது கூசும். இதை எந்த வாத்தியாரும் எனக்குப் பலகையில் எழுதித் தரவில்லை.

பலகையில் எழுதித் தந்தது வேறொன்று. சின்ன வகுப்பில் மரபுச்சொற்கள் என்று ஒரு பாடம் இருந்தது. காகம் கரையும், மயில் அகவும், ஆந்தை அலறும். போன ஆவணி, நல்லூர்த் திருவிழாவுக்கு கனடாவிலிருந்து வந்த என் மருமகள் கொல்லைப்புறத்தில் நின்று, “அம்மம்மா, இந்தத் தென்னங்குட்டி எப்ப வைச்சது?” என்று கேட்டாள். அம்மம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“தென்னம்பிள்ளை எண்டு சொல்லு மோனை. வாழைதான் குட்டி. மாவெண்டால் கண்டு. பனையெண்டால் வடலி.”

“வை? வாழைக்கு மட்டும் ஏன் குட்டி?”

“அது குட்டியெண்டுதான் சொல்லுறது.”

அம்மம்மாவும் நானும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் வாழைக்கன்று என்றார், அவருக்குக் குட்டி என்பது ஆட்டுக்கும் பூனைக்கும்தான். கடலைத் தாண்டியதும் வாழையே உறவுமுறை மாறிவிடுகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது இளமைப் பெயர்களைச் சொல்லி, எது எதற்கு உரியது என்று பிரித்து வைக்கிறது. காரணம் கேட்டால் அந்த இயலின் பெயரே பதில்: மரபு.

எந்தச் சொல் எந்தச் சொல்லோடு போகும் என்ற இந்த வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘கொலொகேஷன்’ என்று பெயர் வைத்துத் தனித் துறையாகவே வளர்த்தார்கள். அதில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபெர்த். 1920களில் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்து அறியலாம் என்ற அவருடைய கருத்து 1957இல் அச்சில் வந்தது. நிலத்தின் இயல்பால் நீர் திரிவதுபோல இனத்தின் இயல்பால் அறிவு ஆகும் என்று மனிதருக்குச் சொன்ன குறளைச் சொற்களுக்கும் நீட்டினால் கிட்டத்தட்ட அங்கேதான் போய் நிற்கும். ஃபெர்த்தின் மாணவர் ஹலிடே 1966இல் காட்டிய உதாரணம் எங்களுக்கு இன்னும் வசதியானது. தேநீருக்கு ‘ஸ்ட்ரோங்’ சொல்லலாம், ‘பவர்ஃபுல்’ சொல்ல முடியாது. காருக்கு ‘பவர்ஃபுல்’ பொருந்தும், ‘ஸ்ட்ரோங்’ அவ்வளவாகப் பொருந்தாது. அகராதியில் இரண்டுக்கும் வலிமை என்றுதான் போட்டிருக்கும். இதை வாசித்த அன்று பின்னேரம் கஸ்தூரியார் வீதிக் கடையில், “அண்ணை, சாயம் கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி” என்று கேட்டேன். வலிமையான தேத்தண்ணி என்று கேட்டிருந்தால் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார்.

தண்ணீர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கிணறுகள் பற்றிய ஒரு கணக்கெடுப்பை ஆங்கிலத்தில் போட வேண்டி வந்தது. எங்கள் ஆட்கள் ஊரில் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தது இரண்டே வகை: நல்ல தண்ணிக் கிணறு, சவர்த் தண்ணிக் கிணறு. யாழ்ப்பாணத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி நிற்கும் மழைத்தண்ணீரைத்தான் அள்ளுகிறோம். கடல் கிட்ட இருக்கும் இடங்களில் அதிகமாக இறைத்தால் உவர் ஏறும். பெண் பார்க்கப் போனாலும் கிணறு நல்ல தண்ணியா என்று விசாரிக்கும் ஊர் இது. ‘நல்ல தண்ணி’யை ஒரு பிள்ளை ‘குட் வோட்டர்’ என்று மாற்ற, அப்படியென்றால் மற்றக் கிணறுகளில் கிருமியா, அழுக்கா என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. எங்களுடைய நல்ல தண்ணி அங்கே ‘ஃப்ரெஷ் வோட்டர்’. சவருக்கு ‘சோல்ட்டி’ என்றாலும் விளங்கும். ஆனால் ‘பிரக்கிஷ்’ என்று ஒரு சொல் இருக்கிறது, தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாத சொல். நரைக்குத் தலைமயிர் மாதிரி அதற்குத் தண்ணீர். அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சம் அதிகம்தான்.

அதற்குப் பிறகு திருத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். தனிச்சொல்லை வெட்டி இன்னொரு சொல்லை எழுதுவதில்லை. பெயர்ச்சொல்லைச் சுற்றிக் கோடு போட்டு, அது யார் யாரோடு போகும் என்று ஓரத்தில் எழுதுவேன். ‘ரெயின்’ என்றால் பக்கத்தில் ‘ஹெவி’, ‘லைட்’, கொட்டுகிற மழைக்கு ‘போரிங்’. சொல்லைத் தனியே பாடமாக்கியவன் எழுதும்போது கல்யாணத் தரகர் வேலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். சோடியாகவே எடுத்துக்கொண்டால் அந்த அலைச்சல் மிச்சம். அந்தத் தம்பி ஒரு சிறிய சிஆர் கொப்பி வாங்கி இவற்றைக் குறிக்கத் தொடங்கினான். முதல் பக்கத்தில் மழையும் காற்றும்.

போன மாதம் அறிக்கை ஒன்றைத் தமிழில் சுருக்கி ஊர் மக்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் எழுதி, எழுத்துப்பிழை பார்க்க அவனிடம் கொடுத்தேன். ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தான். ‘பலாலி வீதியில் விபத்து இடம்பெற்றது’ என்று இருந்த வரி.

“அண்ணை, விபத்து இடம்பெறுமோ?”

எங்கள் பத்திரிகைகளில் தினமும் இடம்பெறுகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அந்த வரியை இன்னொரு தடவை மெதுவாக வாசித்தேன். உள்ளே ‘டூக் பிளேஸ்’ அப்படியே காலை நீட்டிப் படுத்திருந்தது. கேட்டுக் கேட்டு என் காதுக்குப் பழகிவிட்டது, அவனுக்கு இன்னும் பழகவில்லை. இன்னும் இருபது வருடத்தில் யாராவது ஒரு பிள்ளை ஏன் விபத்து இடம்பெறுகிறது என்று கேட்டால், அப்பிடித்தான் சொல்லுறது என்று யாரோ பதில் சொல்லவும் கூடும்.

“நடந்தது எண்டு போடு,” என்றேன்.

“நேர்ந்தது எண்டு போட்டால் என்ன?”

சரி என்று விட்டுவிட்டேன். வெளியே மழை வெளித்துக்கொண்டிருந்தது. அவன் இரண்டு பிளேன்டி சொல்லிவிட்டு வந்தான், எனக்குச் சாயம் கூட.